காய்கறித் தட்டில் வைத்த பெட்டி

ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள் இருந்தால் அடுப்படியில்தான் சண்டை வரும் என்று ஊர் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. இந்த வீட்டில் அடுப்படியைப் பற்றி ஒரு தகராறும் கிடையாது. இருவருக்குமே சமையல் சுமார்தான். யார் செய்தாலும் மற்றவள் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிடுவாள். போட்டியெல்லாம் ஒரு கிருமியைப் பற்றி. சரியாகச் சொன்னால், அந்தக் கிருமியின் உடம்பில் இருக்கும் ஒரே ஒரு புரதத்தைப் பற்றி.

மருந்து கிருமிக்குள் நுழைந்ததும் அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது அந்தப் புரதத்தின் வேலை. அதன் உருவம் தெரிந்துவிட்டால், எந்த இடத்தில் பிடிக்கிறது, எப்படித் தள்ளுகிறது என்று புரிந்துவிடும். அதற்கு டிமிக்கி கொடுக்கும் மருந்தைச் செய்யலாம். பெரிய மருமகள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையம் இதைப் பல வருஷமாகத் துரத்திக்கொண்டிருந்தது. சின்ன மருமகள் இருந்த பல்கலைக்கழக ஆய்வகமும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. இந்தத் தொழிலில் முதலில் சொல்பவருக்குத்தான் பெயர். இரண்டாவதாகச் சொல்பவர் என்ன சொன்னாலும், முன்னால் போனவருக்குத் தலையாட்டியதாகத்தான் கணக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், சின்னவளை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே பெரியவள்தான். ஒரு கருத்தரங்கில் பார்த்தாள், பேசினாள், பெண் துறுதுறுவென்று இருக்கிறாள் என்று கொழுந்தனுக்கு எடுத்துச் சொல்லிக் கல்யாணம் வரை கொண்டுபோனாள். அப்போது சின்னவள் வேறு ஏதோ புரதத்தில் இருந்தாள். தாலி ஏறி ஒரு வருஷத்தில் அவள் ஆய்வகம் கட்சி மாறிவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று பெரியவளின் கணவன் சிரித்தான். பெரியவளும் சிரித்தாள், வேறு வழியில்லாமல்.

மாமியார் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் பேச்சை யாரோடு சேர்க்க வேண்டும், எங்கே வெட்டிவிட வேண்டும் என்பது அவருக்குக் கைவந்த கலை. சாப்பாட்டு மேஜையில் ஆய்வகப் பேச்சு கூடாது என்று முதல் மாதமே சட்டம் போட்டார். அடுப்பில் எது வேண்டுமானாலும் கொதிக்கட்டும், உங்கள் கிருமி மட்டும் இங்கே கொதிக்கக்கூடாது என்பது அவர் வாக்கு. கீழ்வீட்டில் பெரியவள், மாடியில் சின்னவள், சாப்பாடு மட்டும் கீழே ஒன்றாக. சின்னவளுக்கு ‘அக்கா’ சேர்க்காமல் ஒரு வாக்கியம் முடியாது. உப்பு வேண்டும் என்றாலும் அக்கா, மழை வருகிறது என்றாலும் அக்கா.

புரதத்தின் உருவத்தைப் பார்ப்பது லேசான காரியமில்லை. அதைக் கல்கண்டு போலப் படிகமாக வளர்க்க வேண்டும். வளர்ந்த படிகத்தில் எக்ஸ்ரே பாய்ச்சி, சிதறும் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட வேண்டும். கணக்கை இயந்திரம் போட்டுவிடும். வளர்ப்பதில்தான் உயிர் போகும். பிளாஸ்டிக் பிளேட்டில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் கொஞ்சம் உப்புக் கரைசல், அதற்கு மேலே ஒரு திட்டில் கடுகளவு புரதச் சொட்டு. மேலே டேப் ஒட்டிக் காற்றுப் புகாமல் மூடிக் குளிரில் வைத்துவிட்டால், பிறகு அதன் இஷ்டம். பெரியவளின் சொட்டுகள் ஒன்று பச்சைத் தண்ணீராகவே கிடந்தன, அல்லது திரிந்துபோயின. அவள் முதுகுக்குப் பின்னால் ஆய்வகத்துப் பிள்ளைகள் ‘திரிஞ்ச பால் அக்கா’ என்று பேர் வைத்திருந்ததும் அவளுக்குத் தெரியும். அவளுடைய தலைவருக்கும் ஒரு பேர் உண்டு, ‘கடிகாரம்’. எதிரே யார் வந்தாலும் “நேரம் போயிட்டிருக்கும்மா” என்பதைத் தவிர அந்த மனிதர் வேறு எதுவும் சொல்வதில்லை.

அப்படியிருக்கையில்தான் சின்னவளின் கட்டடத்தில் பழைய ஒயர்களை மாற்றுகிறோம் என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் கரண்டை நிறுத்தினார்கள். குளிர் அறையில் இருந்ததையெல்லாம் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சின்னவள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தெர்மாகோல் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வந்து இறங்கினாள். மாடி ஃப்ரிட்ஜ் ஒரு கிறுக்கு, வைத்ததையெல்லாம் உறையவைத்துவிடும். அதனால் கீழ்வீட்டு ஃப்ரிட்ஜில், காய்கறித் தட்டில், தக்காளிக்கும் கேரட்டுக்கும் நடுவில் இடம் செய்து பெட்டியை வைத்தாள். மறுநாள் விடிந்ததும் அவளும் அவள் கணவனும் வெளியூர் போக வேண்டும். அவள் அப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன்.

“அக்கா, இதை யாரும் தொடாம கொஞ்சம் பாத்துக்குங்கக்கா. இதோட அருமை இந்த வீட்டுல உங்களுக்குத்தான் தெரியும்” என்றாள்.

உள்ளே என்ன என்று அவள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. சட்டம் சட்டம்தான். ஆனால் திரிந்த பாலை யாரும் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவர மாட்டார்கள் என்பது பெரியவளுக்குத் தெரியாதா?

சனிக்கிழமை காலை மாமியார் குளிக்கப் போயிருந்தார். கணவன் வண்டிக்குக் காற்றடிக்கப் போயிருந்தான். பெரியவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பார்ப்பதில் என்ன இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தாள். திருடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு எந்தத் திருடனும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை போலும். பெட்டியைத் திறந்து பிளேட்டை எடுத்தாள். மாமியார் பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் குழி குழியாகப் பார்த்துக்கொண்டு போனாள். எல்லாம் தண்ணீர், எல்லாம் சேறு. மனசுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. பிறகு, ஓரத்தில், ஒரே ஒரு குழியில் அவை இருந்தன. பட்டை தீட்டியதுபோல் நாலைந்து படிகங்கள், வெளிச்சம் பட்டால் மினுக்கென்று.

அவளுக்கு வயிறு எரிந்தது. ஒன்பது வருஷம் இதற்காகத்தான் அவள் காய்ச்சலோடும் வேலைக்குப் போனாள். விடுதியில் படிக்கும் தன் மகளின் பள்ளிக்கூட ஆண்டுவிழா ஒன்றுக்குக்கூடப் போனதில்லை. நேற்று வந்தவள் கையில் அது சும்மா பூத்திருக்கிறது.

படிகம் வளர்ப்பவர்களிடம் ஒரு வித்தை உண்டு. நல்ல படிகம் இருக்கும் சொட்டில் ஒரு மெல்லிய முடியைத் தொட்டு எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்த முடியைப் புதுச் சொட்டில் இழுத்தால், துகளே விதையாகி அங்கேயும் படிகம் வளரும். இதற்கென்று பூனை மீசை பொறுக்கி வைத்திருப்பவர்கள்கூட உண்டு. சொந்தச் சொட்டில் செய்தால் அது வித்தை. பெரியவள் தன் நெற்றியோரத்திலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினாள்.

மாமியாரின் கண்மருந்துக் குப்பி ஒன்று தீர்ந்துபோய் ஜன்னல் திட்டில் கிடந்தது. அதைக் கொதிநீர் விட்டு அலசினாள். குழியின் டேப்பைக் கத்தி முனையால் கிழித்து, அடியில் இருந்த கரைசலில் கொஞ்சத்தைக் குப்பிக்குள் உறிஞ்சினாள். முடியைச் சொட்டில் ஓட்டி, அதையும் குப்பிக்குள் போட்டு மூடினாள். ஒரு படிகம்கூடக் குறையவில்லை, யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கிழித்த டேப்பின் மேல் மருந்துக்கட்டுப் போடும் டேப்பை ஒட்டினால் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், பழைய டேப்பையே விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பெட்டியை அவசரமாக உள்ளே தள்ளினாள். வேலியே பயிரை மேய்ந்து முடித்தது.

ஞாயிறு இரவு ஊரிலிருந்து திரும்பிய சின்னவள், மறுநாள் காலையிலேயே பெட்டியை ஆய்வகத்துக்கு எடுத்துப்போனாள். திங்கட்கிழமை மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது முகம் வெளிறியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவள், யாரும் கேட்காமலே சட்டத்தை உடைத்தாள். ஒரே ஒரு குழியில் வந்திருந்தது, அதுவும் காற்றுப் புகுந்து காய்ந்து ஆடை படிந்துவிட்டது, படிகமெல்லாம் வெடித்துவிட்டது, விதைக்குக்கூடத் தேறாது என்றாள். எக்ஸ்ரேவுக்கு அந்த வாரம்தான் முறை கிடைத்திருந்தது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தது தன் புத்திகெட்டதனம் என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். பெரியவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேப் சரியாக ஒட்டவில்லை என்று அவள் விரலுக்கு அப்போதே தெரியும்.

இந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். திறக்கத்தான் நினைத்தாள். அதற்குள் மாமியார் திறந்துவிட்டார்.

“நான்தாம்மா கெடுத்துட்டேன். முட்டைக்கோஸ் வைக்க எடமில்லன்னு அந்தப் பெட்டிய நகத்துனேன். கோஸ அது மேலயே வச்சேன். எனக்குத் தெரியாதும்மா.”

அந்த அம்மாள் தன் தப்பென்று எதையும் ஒப்புக்கொண்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. வேலையில் இருந்த காலத்தில் தவறான ஆளுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டாலும், நம்பரைத் தப்பாகச் சொன்னது நீங்கள்தான் என்று எதிராளியை மன்னிப்புக் கேட்க வைப்பார் என்று மகன்கள் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்டவர் சின்ன மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். சின்னவள், “பரவால்ல அத்தை, உங்களுக்கென்ன தெரியும்” என்றாள். பெரியவள் எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள்.

அன்றிலிருந்து மாமியார் கேட்காமல் ஃப்ரிட்ஜைத் திறப்பதில்லை. தான் வாங்கிப் போட்ட ஃப்ரிட்ஜ், தன் வீட்டு அடுப்படி. பால் எடுக்க வேண்டுமென்றாலும் கைப்பிடி பக்கத்தில் போய் நின்றுகொண்டு, “திறக்கலாமா?” என்று கேட்பார். மருமகள் இருவரில் யாராவது திறங்கள் அத்தை என்று சொன்ன பிறகுதான் கை வைப்பார். மகன்கள் அதையும் கேலி செய்து பார்த்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அவர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் பெரியவளுக்கு உடம்பு கூசியது. பதில் சொல்ல வேண்டி வந்துவிடுமே என்று பால் காய்ச்சும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். நல்ல மருமகள் என்று பக்கத்து வீட்டில் பேர் வேறு கிடைத்தது.

சின்னவள் திரும்பவும் புரதம் எடுத்தாள், திரும்பவும் சொட்டு வைத்தாள். அதே கை, அதே உப்பு. வரவில்லை. இந்தத் தொழிலில் அது சகஜம். போன தடவை எந்தச் சாமி கண்ணைத் திறந்தது என்று செய்தவருக்கே தெரியாது. விதைக்கு ஒரு துகள் இருந்தால் போதும் என்று ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னாள். அந்தத் துகள்கள் ஊரின் மறுகோடியில், பெரியவளின் குளிர் அறையில், கண்மருந்துக் குப்பிக்குள் பத்திரமாக இருந்தன. “வரும்மா, பொறுமையா இரு” என்றாள் பெரியவள். பிறகு தன் குரலைத் தானே கேட்டுவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெரியவளின் சொட்டுகளில் படிகம் வளர்ந்தது. வளராமல் என்ன செய்யும்? கடிகாரம் முதல்முறையாக நேரத்தை மறந்து இனிப்பு வாங்கிவரச் சொன்னார். ‘திரிஞ்ச பால் அக்கா’ என்று சொன்ன பிள்ளைகள் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். இத்தனை வருஷம் அவள் ஏங்கிய மரியாதை அதுதான். அதைத் தின்ன முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். செய்தி சின்னவள் காதுக்கும் எட்டியது. அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து பெரியவளைக் கட்டிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் இருந்தது. “எப்படியோ நம்ம வீட்டுக்குத்தானே வந்துச்சுக்கா” என்றாள். அறைந்திருந்தால்கூடப் பெரியவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கட்டுரை எழுதும் வேளை வந்தது. படிகத்தை எப்படி வளர்த்தோம் என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். படித்துவிட்டு உலகத்தின் எந்த மூலையிலும் யாரும் செய்து பார்க்கலாம். பெரியவள் எழுதினாள்: முந்தைய சோதனையில் கிடைத்த படிகத்திலிருந்து விதை எடுக்கப்பட்டது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. யாருடைய சோதனை, எடுத்தது யார் என்று மட்டும் இல்லை. விஞ்ஞானக் கட்டுரைகளில் எல்லாம் தானாகவே நடக்கும், கரைக்கப்படும், கலக்கப்படும், எடுக்கப்படும், ஆள் இருக்கவே மாட்டார். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். திருடியதைவிட அதை எழுதியது கேவலமாக இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் குளிர் அறைக்குப் போய்க் குப்பியை எடுத்துப் பனிக்கட்டி டப்பாவில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குச் சின்னவளும் இருந்தாள். ஆய்வகத்தில் அவள் வேலையில் பாதியை வேறொரு பையனிடம் கொடுத்துவிட்டார்களாம், சீக்கிரமே வந்துவிட்டாள். மாமியார் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டு, “தண்ணி எடுக்கணும், திறக்கலாமா?” என்றார்.

“அத்தை, நீங்க கேட்காதீங்க” என்றாள் பெரியவள். “பெட்டியக் கெடுத்தது நீங்க இல்ல. நான்.”

குப்பியை மேஜைமேல் வைத்தாள். ஜன்னல் வெளிச்சம், பூதக்கண்ணாடி, முடி, டேப் என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஒன்பது வருஷம் உழைத்ததையோ வயிறு எரிந்ததையோ சொல்லவில்லை. அதெல்லாம் சாக்கு என்று அவளுக்கே தெரிந்தது.

முதலில் அசைந்தது மாமியார்தான். கோபப்படுவார் என்று பெரியவள் எதிர்பார்த்தாள், கோபத்துக்கு ஏங்கினாள் என்றே சொல்லலாம். அவரோ நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“அப்ப நான் இல்லையா?” என்றார். “நான் இல்லைல்ல?”

இத்தனை மாதமாக அந்த மனுஷி எதைச் சுமந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் பெரியவளுக்குப் புரிந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கேட்டிருந்தால் நீயே கொடுத்திருப்பாயே என்று சின்னவளைப் பார்த்து முணுமுணுத்தாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று பின்னால் நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள்.

“கொடுத்திருக்க மாட்டேன்” என்றாள் சின்னவள். “அது உங்களுக்கும் தெரியும். அதனாலதான் நீங்க கேட்கல.” குப்பியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மறுநாள் பெரியவள் கடிகாரத்திடமும் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். விதை எங்கிருந்து வந்தால் என்ன, முளைத்தது நம் தோட்டத்தில்தானே, வீட்டு விவகாரத்தை வீட்டோடு வைத்துக்கொள் என்றார். அவள் அந்த வரியை மாற்றாமல் கட்டுரை போகக்கூடாது என்று நின்றாள். விஷயம் சின்னவளின் தலைவருக்குப் போயிற்று. இரண்டு தலைவர்களும் கடிதத்தில் மோதிக்கொண்டார்கள், பிறகு நேரில் மோதிக்கொண்டார்கள், பிறகு சேர்ந்து வெளியிடலாம் என்று இறங்கிவந்து, யார் பெயர் முன்னால் என்று மறுபடி மோதிக்கொண்டார்கள். அப்பத்துக்கு அடித்துக்கொண்ட பூனைகளின் கதை தெரியாதவர்கள் இல்லை. அதற்குள் தூர தேசத்து ஆய்வகம் ஒன்று, இவர்களைப் பற்றி ஒன்றுமே கேள்விப்படாமல், அதே புரதத்தின் உருவத்தைப் படம் போட்டு வெளியிட்டுவிட்டது.

அந்தச் செய்தி வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சட்டம் தானாகவே திரும்பி வந்துவிட்டது. இனி அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, கணக்கு நேராகிவிட்டது என்று பெரியவள் நினைத்துப் பார்த்தாள். நினைப்பு ஒட்டவில்லை, அந்த டேப் மாதிரியேதான்.

மாமியார் இப்போதெல்லாம் யாரையும் கேட்பதில்லை. படாரென்று ஃப்ரிட்ஜைத் திறப்பார், படாரென்று சாத்துவார், உள்ளே இருப்பதை இஷ்டத்துக்கு நகர்த்துவார். அன்று சாயங்காலமும் முட்டைக்கோஸைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனார். அடுப்படியில் சின்னவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் பால் எடுக்க வந்தாள். கைப்பிடி வரை போன கை அங்கேயே நின்றுவிட்டது. அவள் யோசித்துக் கேட்கவில்லை, வாயில் தானாக வந்தது.

“திறக்கலாமா?”

சின்னவளின் கத்தி நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதெல்லாம் ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்வாள் என்று பெரியவள் ஒரு கணம் காத்திருந்தாள்.

“திறங்க” என்றாள் சின்னவள். அதில் அக்கா இல்லை.

பெரியவள் பாலை எடுத்துக்கொண்டு, ஃப்ரிட்ஜை மெதுவாகச் சாத்தினாள்.